கணக்கில் எழுதாத வரவு

ஓய்வு பெற்ற தொழிலாளர் நால்வர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் பணத்தில்தான் வந்து நிற்கும். "அந்தக் காலத்தில் நாங்கள் வாங்கிய சம்பளம் எவ்வளவு? ஆனாலும் நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், இரண்டு தங்கைகளைக் கட்டிக் கொடுத்தோம், ஊரிலிருந்த பெற்றோருக்கும் பணம் அனுப்பினோம். இன்று கணவனும் மனைவியும் சம்பாதிக்கிறார்கள், இருபதாம் தேதிக்குமேல் கையில் காசில்லை என்கிறார்கள்" என்னும் பேச்சை நெய்வேலி நகரியத்தில் கேளாதார் இலர். கேட்டுக்கொண்டிருக்கும் இளையவர்கள் மறுமொழி சொல்வதில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாதென்பது ஒரு காரணம். சொல்வதற்கு என்ன இருக்கிறதென்று அவர்களுக்கே தெரியாதது மற்றொரு காரணம்.

முதியோரின் இக்கூற்றில் உண்மை உண்டு. அவர்களது சிக்கனம் கதையன்று. ஒரு சட்டைத் துணியை இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்துப் போட்டுத் தேய்த்த வீடுகள் அவை. ஆயினும் அது முழு உண்மைதானா? அன்றைய குடும்பக் கணக்கில் எழுதப்படாமலே போன வரவு ஒன்று இருந்ததே, அதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு எப்படி நிற்கும்? வினாவைச் சற்றுத் தொலைவிலிருந்து தொடங்கினால்தான் விடை தெளிவுபடும்.

குடும்பத்தின் வரவு செலவை வரலாற்றுச் சான்றாகப் படிக்கலாம் என்று காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் சுரங்கப் பொறியாளர் என்பது நெய்வேலி வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பிரான்சு நாட்டவரான ஃபிரெடெரிக் லெ பிளே (1806–1882) சுரங்கங்களையும் உலோக ஆலைகளையும் காண்பதற்காக ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பயணம் செய்தவர். சென்ற இடமெல்லாம் கனிமத்தை மட்டும் பார்க்காமல் அதைத் தோண்டியவர்களின் அடுப்படியையும் பார்த்தார். தொழிலாளர் குடும்பங்களோடு இருந்து, ஓர் ஆண்டில் அவர்கள் என்ன ஈட்டினார்கள், எதற்குச் செலவிட்டார்கள் என்று வரிவரியாக எழுதினார். அவ்வாறு எழுதிய 36 குடும்பங்களின் வரலாறே 1855இல் வெளிவந்த 'ஐரோப்பியத் தொழிலாளர்கள்' என்னும் பெருநூல். இரண்டாண்டுகள் கழித்து, 1857இல், சாக்சனி நாட்டுப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல், லெ பிளே திரட்டியவற்றையும் பெல்ஜியத் தொழிலாளர் கணக்குகளையும் ஆராய்ந்து ஒரு முடிவைச் சொன்னார்: குடும்பம் எவ்வளவுக்கு ஏழையோ, அதன் செலவில் உணவுக்குப் போகும் பங்கு அவ்வளவுக்குப் பெரிது. (கார்ல் மார்க்சின் தோழர் எங்கெல்சு வேறு, இவர் வேறு.) பொருளியல் விதிகள் பல காலத்தால் அடிபட்டுப் போயின, இந்த ஒன்று 160 ஆண்டுகளுக்குப் பின்னும் நிற்கிறது.

எங்கலின் விதியைப் பாடநூல்கள் சொல்கின்றன. லெ பிளேயின் கணக்கேட்டில் இருந்த ஒரு தனிப் பத்தியைப் பலரும் மறந்துவிட்டனர். குடும்பத்தின் வரவு என்று அவர் கூலியை மட்டும் எழுதவில்லை. ஆலை முதலாளி கொடுத்த வீடு, பொது நிலத்தில் மாடு மேய்க்கும் உரிமை, காட்டில் பொறுக்கிய விறகு, விலையின்றிக் கிடைத்த மருத்துவ உதவி ஆகிய அனைத்துக்கும் மதிப்புக் கணக்கிட்டு வரவில் சேர்த்தார். கையில் வாங்காத அந்த வரவைச் சேர்க்காவிட்டால் குடும்பம் எப்படிப் பிழைக்கிறது என்பதே விளங்காது என்பது அவர் கண்ட உண்மை. நெய்வேலிக் குடும்பங்களின் கணக்கைப் படிக்க இதைவிடப் பொருத்தமான திறவுகோல் வேறில்லை.

நெய்வேலியின் தொடக்கக் கதை யாவரும் அறிந்ததே. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. பழுப்பு நிலக்கரியென்று அறியப்பட்டு, ஆய்வுகள் பல நடந்து, 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை அகற்றவே நான்கு ஆண்டுகள் சென்றன. 1961 ஆகஸ்டில்தான் கரி கண்ணில் பட்டது. சோவியத்து நாட்டின் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962 மே திங்களில் இயங்கியது. முந்திரித் தோப்புகளும் செம்மண் மேடுகளுமாக இருந்த தென்னார்க்காட்டின் ஒரு மூலையில், வட்டம் வட்டமாகப் பகுக்கப்பட்ட, நேர்கோட்டுச் சாலைகள் கொண்ட ஒரு நகரியம் எழுந்தது.

அங்கே வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் உழவர் குடும்பங்களின் பிள்ளைகள். திங்களுக்கு ஒரு முறை, ஒரே தொகையாக, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வரும் சம்பளம் என்பது அவர்கள் தந்தையர் அறியாத ஒன்று. ஊரில் நெல் களத்துக்கு வந்தால்தான் பணம். அதுவரை செட்டியார் கடையில் பற்று. இங்கோ முதல் தேதியே அறுவடை நாள். 'சம்பளம் போட்டாச்சா?' என்பது நகரியத்துக் கடைத்தெருவின் காலை வணக்கமாயிற்று. மளிகைக் கடையின் சிட்டை அப்போதும் மறையவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை தீர்த்த பற்று, திங்களுக்கு ஒரு முறை தீரத் தொடங்கியது, அவ்வளவே.

அக்காலத்து வரவு செலவு நோட்டுகளைப் பாதுகாத்து வைத்திருக்கும் வீடுகள் இன்னும் சில உண்டு. அவற்றைப் புரட்டினால் அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் என்று பக்கம் நிறையும். எங்கல் சொன்னது போலவேதான். தேசிய மாதிரி ஆய்வின்படி 1972–73இல் இந்திய ஊர்ப்புறக் குடும்பம் செலவிட்ட 100 ரூபாயில் ஏறத்தாழ 73 ரூபாய் உணவுக்கே போயிற்று. நகரத்தில் 64 ரூபாய்க்கு மேல். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பது ஏன் அவ்வளவு பெரிய வாக்குறுதியாயிற்று என்பதை இந்த எண்ணைக் கொண்டே அறியலாம். இங்கே ஓர் இடைக்குறிப்பு: தமிழகத் தேர்தல் வாக்குறுதிகளை ஆண்டு வரிசைப்படி அடுக்கினாலே குடும்பச் செலவின் வரலாறு கிடைத்துவிடும். 1967இல் படியரிசி. 2006இல் மலிவு அரிசியோடு வண்ணத் தொலைக்காட்சி. 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. 2023 செப்டம்பரில் மகளிருக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் ரொக்கம். அரசியல்வாதிகளைப் பற்றி யார் என்ன சொன்னாலும், வீட்டில் எது இல்லையென்று அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

மளிகைக்கு அடுத்தபடியாக அந்த நோட்டுகளில் தவறாது காணப்படும் வரி 'ஊருக்கு மணியார்டர்.' இன்றைய இளையோருக்கு அது வியப்பாகவே இருக்கும். தம்பியின் படிப்பு, தங்கையின் திருமணம், தந்தையின் கடன், பங்காளிச் சொத்து வழக்கு ஆகிய அனைத்தும் நெய்வேலியிலிருந்து போகும் அந்தத் தாளை எதிர்பார்த்திருந்தன. சிக்கனம் என்று நாம் இன்று போற்றுவதில் பாதி, பிறர்க்காகத் தம்மைச் சுருக்கிக்கொண்டது. சேமிப்பு வங்கியில் தெரியாது. ஊரில் நிமிர்ந்து நின்ற ஒரு தம்பியின் வாழ்வில் தெரியும்.

இனி அந்த நோட்டுகளில் இல்லாத வரிகளைப் பார்ப்போம். வீட்டு வாடகை என்று ஒரு பெருந்தொகை இல்லை. நிறுவனக் குடியிருப்புக்குச் சம்பளத்தில் பெயரளவான பிடித்தம். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் அவ்வாறே. மருத்துவச் செலவு என்னும் வரி ஏறக்குறைய வெற்றிடம். நிறுவனப் பொது மருத்துவமனையில் பிள்ளைப்பேறு முதல் அறுவை மருத்துவம் வரை நடந்தது. பள்ளிகளில் பலவற்றை நிறுவனமே நடத்தியது. க்ளூனி சபைச் சகோதரியரின் பள்ளி போன்றவற்றில் சேர்த்தவர்களுக்குக் கட்டணம் உண்டு. அதுவும் இன்றைய அளவுகோலில் செலவென்று சொல்லத் தக்கதன்று. வேலைக்குச் செல்ல மிதிவண்டி போதும். பெரும்பாலான வீடுகளைச் சுற்றித் தோட்டம் இருந்தது. முருங்கை, வாழை, மா, பலா, தென்னை ஆகியவை அங்கே தாமாகவே காய்த்தன. பண்ணுருட்டிப் பலாவின் மண் அன்றோ அது! அவரைப் பந்தலிலிருந்து பறித்த காயை யார் நோட்டில் எழுதுவார்?

லெ பிளே வந்திருந்தால் எழுதியிருப்பார். வீட்டுக்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு, மருத்துவருக்கு இவ்வளவு என்று மதிப்பிட்டிருப்பார். தேசிய நலவாழ்வுக் கணக்குகளின்படி 2013–14இல்கூட இந்தியாவில் மருத்துவத்துக்கான மொத்தச் செலவில் 64 விழுக்காடு நோயாளிகளின் சொந்தப் பையிலிருந்தே சென்றது. 2021–22இல் அது 39 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளும் காரணங்களில் நோய் முதன்மையானது என்பதை நம் பங்குகளில் வாழ்வோர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு காரணத்தை முப்பது ஆண்டுகள் முழுவதும் குடும்பக் கணக்கிலிருந்து அகற்றிவிட்ட ஏற்பாடு எவ்வளவு பெரிய சம்பளம்! சம்பளமென்று அதை யாரும் சொல்லவில்லை. எனவே சிக்கனத்தால் வந்ததென்று எண்ணிய மிச்சத்தில் ஒரு பகுதி, இந்த எழுதாத வரவால் வந்தது.

எரிபொருளின் கதை இதைவிடச் சுவையானது. நெய்வேலியிலிருந்து தமிழ்நாட்டு அடுப்படிகளுக்குச் சென்ற பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் லெகோ. பழுப்பு நிலக்கரியைக் கட்டிகளாக அழுத்தி, காற்றுப்படாமல் சூடேற்றிக் கரியாக்கினால் புகையாத எரிபொருள் கிடைக்கும். நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் விறகையும் மரக்கரியையும் விட்டு லெகோ அடுப்புக்கு மாறின. விறகுப் புகையில் கண் கரித்த பெண்களுக்கு அது பெரிய விடுதலை; பற்ற வைக்கும் வித்தை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். பிறகு மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, எரிவாயு உருளைக்காகப் பதிந்துவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்த காலம் வந்தது, உருளையும் வந்தது. லெகோவை வாங்க ஆளில்லாமற் போயிற்று. அதைச் செய்த ஆலையும், யூரியா செய்த உர ஆலையும் இன்று இல்லை. நெய்வேலிக்குப் பக்கத்திலேயே, வடலூரில், இராமலிங்க அடிகளார் 1867இல் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. குடும்பச் செலவின் மாற்றம் ஓர் ஆலையைத் திறக்கவும் வல்லது, மூடவும் வல்லது என்பதை நெய்வேலி தன் கண்முன்னே கண்டது.

குடும்பக் கணக்குக்கும் சம்பளத்துக்கும் மறைவான ஒரு தொடர்பு உண்டு. பொதுத்துறைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் எதிர்பார்த்திருக்கும் அகவிலைப்படி, தொழில்துறைத் தொழிலாளர்க்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைப் பொறுத்தது. அந்த எண் எவ்வாறு பிறக்கிறது? நாட்டின் தொழில் நகரங்களில் தொழிலாளர் வீடுகளுக்கு அலுவலர்கள் சென்று, அரிசிக்கு எவ்வளவு, வெற்றிலைக்கு எவ்வளவு, திரைப்படத்துக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதுகின்றனர். 100 ரூபாயில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை ரூபாய் போகிறதோ அதுவே அதற்குரிய எடை. நாட்டின் தொழிலாளர் குடும்பங்களின் மனமாற்றத்தை இந்த எடைகள் அறுபது ஆண்டுகளாகப் பதிந்து வருகின்றன.

1982ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் உணவுக்கு எடை 57. 2001 வரிசையில் 46.20. 2016 வரிசையில் 39.17. வீட்டு வசதியின் எடை 8.67இலிருந்து 15.27 ஆகி, பிறகு 16.87 ஆயிற்று. மருத்துவம், கல்வி, பயணம், பொழுதுபோக்கு முதலிய பலவற்றையும் அடக்கிய 'இதர' செலவுகள் 16.36இலிருந்து 23.26 ஆகி, 30.31இல் வந்து நிற்கின்றன. முப்பத்து நான்கு ஆண்டுகளில் உணவு இழந்த இடத்தை வீடும் 'இதர'வும் பிடித்துக்கொண்டன. 'இதர' என்னும் சொல்லைப் பாருங்கள். ஒரு காலத்தில் நோட்டின் கடைசி வரி. இன்று பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு.

நெய்வேலிக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. நகரங்களில் வாடகை உயர்ந்தால் குறியீட்டெண் உயரும். குறியீட்டெண் உயர்ந்தால் அகவிலைப்படி உயரும். வாடகையை உணராத நகரியத்துத் தொழிலாளிக்கும் அந்த உயர்வு வந்து சேரும். இதுவும் எழுதாத வரவின் ஒரு துளியே. குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. உழைத்துப் போராடிப் பெற்ற உரிமை அது. கணக்கென்று வந்தபின் முழுவதும் சொல்ல வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன்.

1980களில் திருப்பம் வந்தது. வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய காலம் முடிந்து, தொலைக்காட்சிப் பெட்டி கூடத்துக்கு வந்தது. தீபாவளிப் போனஸ் முன்பெல்லாம் துணிக்கும் பழைய கடனுக்கும் சரியாக இருந்தது. இப்போது தவணைக்கு முன்பணமாயிற்று. குளிர்பதனப் பெட்டி, மிக்சி, மொபெட் என்று ஒவ்வொன்றாக வந்தன. இவற்றை ஆடம்பரமென்று கண்டித்த மறையுரைகளை நம்மில் பலர் கேட்டிருப்போம். அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் தோள் தேய்ந்த தாய்மார் அந்த மறையுரையைக் கேட்டு என்ன நினைத்தார்களோ!

உண்மையான பெருமாற்றம் பொருள்களில் இல்லை, கல்வியில்தான் நிகழ்ந்தது. 1984இல் தமிழ்நாட்டில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தோன்றின. அதுவரை மதிப்பெண் இருந்தால் அரசுக் கல்லூரி, இல்லையேல் வேறு வழி என்றிருந்தது. இப்போது பணம் இருந்தால் இடம் உண்டு என்றாயிற்று. நெய்வேலியில் பொறியாளரைப் பார்த்து வளராத பிள்ளை இல்லை. சுரங்கத்தில் சுழல் முறையில் வேலை பார்த்த தந்தை ஒவ்வொருவருக்கும் தன் மகன் தன் அதிகாரியைப் போல் ஆகவேண்டும் என்னும் ஆசை இருந்தது. சிறிது காலத்தில் மகளுக்கும் அதே ஆசை பிறந்தது. இது நல்ல மாற்றம். வருங்கால வைப்பு நிதியிலிருந்து கடன், கூட்டுறவுச் சங்கத்தில் கடன், மனைவியின் நகைமேல் கடன். நகரியம் தந்த பள்ளி ஏறக்குறைய இலவசம். பள்ளியைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு படிக்கும் விலை. எழுதாத வரவு முடிந்த இடத்தில் எழுதும் செலவு தொடங்கியது.

பெண்களின் கணக்கு தனிக் கணக்கு. அதைக் கணவன்மார் அறிந்ததில்லை, புள்ளியியலாரும் அறிந்ததில்லை. மளிகையில் மிச்சம் பிடித்த பணம் தெருச் சீட்டுக்குப் போயிற்று. சீட்டு எடுத்த பணம் கால் பவுன், அரைப் பவுன் என்று நகைக் கடைக்குப் போயிற்று. 1960இல் 10 கிராம் தங்கம் சுமார் 112 ரூபாய், 2000இல் சுமார் 4,400 ரூபாய், 2020இல் 48,000 ரூபாய்க்கு மேல் என்று பார்த்தால், அந்தத் தாய்மாரின் பொருளியல் அறிவைப் பாராட்டத்தான் வேண்டும். அந்த நகையில் பெரும்பகுதி அவர்கள் கழுத்தில் தங்கவில்லை; மகள் திருமணத்தில் சென்றது என்பது வேறு கதை. நம் கத்தோலிக்கக் குடும்பங்களும் இதில் விலக்கல்ல. வரதட்சிணையைக் கண்டித்துச் சுற்றறிக்கை வாசிக்கப்பட்ட கோவிலிலேயே, திருமணத்தன்று பவுன் கணக்கும் பேசப்பட்டது.

கோவிலுக்கான செலவிலும் காலத்தின் சுவடு உண்டு. ஒவ்வொரு நாளும் உலையில் இடுமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் பிடியரிசி வழக்கம் நம் பெண்களிடம் இருந்தது. உணவே செலவில் பெரும்பகுதியாக இருந்த நாளில், உணவிலிருந்தே காணிக்கை எடுப்பது இயல்பு. அரிசி செலவின் சிறு பங்காகச் சுருங்கியபோது பிடியரிசிப் பானையும் மறைந்து, பணம் இடும் உறை வந்தது. தவக்காலச் சேமிப்பு உறையில் இடும் தொகை அன்றைய பிடியரிசிக்கு ஈடாகுமா என்று யாரும் கணக்கிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்தால் பயன் உண்டு. தேசிய ஆய்வுகளின்படி 1999–2000இல் ஊர்ப்புறக் குடும்பச் செலவில் தானியங்களின் பங்கு 22 விழுக்காட்டளவில் இருந்தது. 2022–23இல் 5 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. மொத்த உணவின் பங்கும் ஊர்ப்புறத்தில் 46 விழுக்காடாகவும் நகர்ப்புறத்தில் 39 விழுக்காடாகவும் குறைந்தது. உணவுக்குள்ளேயே அரிசி பின்சென்று, பாலும் பழமும் மீனும் முட்டையும் கடைப் பலகாரமும் முன்வந்துவிட்டன.

திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் இதனோடு நேரே தொடர்புடைய ஒரு கருத்து உண்டு. தொழிலாளிக்குத் தன்னையும் மனைவி மக்களையும் தக்கவாறு காக்கும் அளவுக்குக் கூலி கிடைத்தால், அவன் சிக்கனத்தைக் கைக்கொண்டு சிறிது சேர்த்து உடைமை பெறுவான் என்கிறார். வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் போதிய கூலி, பின்னர் சிக்கனம். சிக்கனமாய் இரு, கூலி போதும் என்று அவர் சொல்லவில்லை. மறையுரைகளில் இந்த வரிசை பலமுறை தலைகீழாகிவிடுவதை நாம் கேட்டிருக்கிறோம்.

நகரியக் குடும்பத்தின் கணக்கில் கடைசி வரை எழுதப்படாத ஒன்று உண்டு, அது வீடு. முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, மரம் வைத்து, பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் கோடிட்டு வளர்த்த வீடு ஓய்வு பெற்றதும் காலி செய்யப்பட வேண்டியது. வாடகையின் சுமையை அறியாத குடும்பம், வீட்டின் முழு விலையையும் ஒரே நேரத்தில் அறியும் நாள் அது. முன்யோசனை உள்ளவர்கள் மந்தாரக்குப்பத்திலோ வடலூரிலோ விருத்தாசலத்திலோ கடலூரிலோ மனை வாங்கிப் போட்டார்கள். சிலர் சொந்த ஊர் திரும்பினார்கள்; திரும்பியவர்களுக்கு ஊர் அந்நியமாயிருந்தது. வேறு சிலர் பணிக்கொடையையும் வைப்பு நிதியையும் செங்கல்லில் போட்டுவிட்டு, பிள்ளைகளின் கையை எதிர்நோக்கினார்கள். அந்தப் பிள்ளைகளோ சென்னையிலும் பெங்களூரிலும் முதல் மாதத்திலிருந்தே வாடகை, அல்லது இருபது ஆண்டுத் தவணை, மருத்துவக் காப்பீடு, குழந்தைக்கு மழலைப் பள்ளிக் கட்டணம், இருவரும் வேலைக்குச் செல்வதால் வீட்டு வேலைக்கு ஆள். தந்தையின் நோட்டில் வெற்றிடமாயிருந்த வரிகள் அனைத்தும் மகன் நோட்டில் நிரம்பிக் கிடக்கின்றன. இருபதாம் தேதி பணம் தீர்ந்துபோவதற்கு உணவகமும் கைப்பேசியும் ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் அந்த நான்கு வரிகளே பெருங்காரணம்.

எழுதாத வரவு எல்லார்க்கும் கிடைத்ததும் இல்லை. நிறுவனத்தின் நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை 2010ஐ ஒட்டி 18,000க்கு மேல் இருந்தது. இன்று ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்துள்ளது. 2016இல் என்எல்சி இந்தியா என்று பெயர் மாறிய அந்த நிறுவனத்தில், அதே சுரங்கத்தில், அதே கரித்தூசியில் பல ஆயிரம் ஒப்பந்தத் தொழிலாளர் உழைக்கின்றனர். பணி நிரந்தரமும் சம ஊதியமும் கேட்டு அவர்கள் 2010இலும் 2023இலும் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுள் பலர் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நிலம் இருந்தபோது நெல்லும் முந்திரியும் காய்கறியும் விறகும் வைக்கோலும் அவர்களது எழுதாத வரவு. இழப்பீட்டுப் பணத்தில் நிலத்துக்குத்தான் விலை போட்டார்கள். வேலியில் படர்ந்த பாகலுக்கு யார் விலை போட்டார்கள்? 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக விளைந்துகொண்டிருந்த நெற்பயிர் மேல் எந்திரங்கள் ஏறியபோது தமிழகமே பதறியதற்கு, அந்தப் பயிர் ஒரு குடும்பத்தின் ஆண்டுக் கணக்கு என்பதை ஊரார் அறிந்திருந்ததே காரணம். நகரியத்துக் குடும்பம் எதைப் பெற்றதோ, அதன் ஒரு பகுதி வேலிக்கு அப்பாலிருந்த குடும்பம் இழந்ததுதான் என்பதை லெ பிளேயின் பத்தியில் எழுதாமல் விட முடியாது.

ஓய்வு பெற்று மந்தாரக்குப்பத்தில் வீடு கட்டிக் குடியேறும் தொழிலாளிக்கு முதலில் புதிதாய்த் தோன்றுவது மின் அட்டை. அனல்மின் நிலையத்தின் நிழலில் வாழ்ந்தவர், மின்கட்டணத்தைச் சம்பளச் சீட்டின் ஒரு சிறு பிடித்தமாக மட்டுமே கண்டவர். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது முழுவேகத்தில் இயங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரில் நிரந்தரமாக நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது இரண்டு திங்களுக்கு ஒரு முறை அளவி பார்க்க ஆள் வருகிறார். 2016 முதல் முதல் 100 அலகுக்குக் கட்டணம் இல்லை. அதற்குமேல் எத்தனை ஓடிற்று என்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்க்கிறார். சுரங்கத்தில் அவரோடு ஒரே சுழலில் நின்ற ஒப்பந்தத் தொழிலாளியின் வீடு அடுத்த தெருவில் இருக்கிறது. அந்த வீட்டுச் சுவரில் அந்த அட்டை தொடக்கத்திலிருந்தே தொங்குகிறது.